மினிடிவி டேப்பிலிருந்து கணினிக்கு: ஃபயர்வயர் கார்டும் டிவிரெஸ்க்யூவும்

பழைய கேம்கார்டர் டேப்புகளைக் கணினிக்கு மாற்ற நினைப்பவர்களுக்கு என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களிடம் இருப்பது மினிடிவி (MiniDV) அல்லது டிஜிட்டல்8 டேப் என்றால் ஃபயர்வயர் வழியாக, அதாவது கேமராவைக் கணினியோடு இணைக்கும் பழைய வகை டிஜிட்டல் கேபிள் வழியாக மட்டும் எடுங்கள். மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயர் செருகும் யுஎஸ்பி குச்சியை இந்த டேப்புகளுக்காக வாங்காதீர்கள். வெளியே கொடுத்து மாற்றுவதாக இருந்தால், எந்த வயரில் எடுக்கிறீர்கள் என்று கேட்காமல் டேப்பைக் கையில் கொடுக்காதீர்கள். எங்கள் வீட்டு டேப்புகளில் எல்லாவற்றையும் செய்து பார்த்த பிறகுதான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

எங்கள் குடும்பத்தில் கேமரா என்றால் சித்தப்பாதான். யார் வீட்டில் என்ன நடந்தாலும் தோளில் கேமராப் பையோடு வந்து நிற்பார். அவர் எடுத்தவை ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. பெரும்பாலும் மினிடிவி, அடியில் கொஞ்சம் அதற்கு முந்தைய வீடியோ8 டேப்புகள். பல டேப்புகளின் மேல் வருடம் மட்டும் பென்சிலில் எழுதியிருக்கிறது, சிலவற்றில் அதுவும் அழிந்துவிட்டது. கேமராவின் சின்னத் திரையில் பார்க்க இப்போது அவருக்குக் கண் ஒத்துழைப்பதில்லை. பெரிய திரையில் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டார்.

முதலில் சில டேப்புகளை மாற்றித் தரும் ஒருவரிடம் கொடுத்தோம். பென் டிரைவில் வந்தது. பாட்டி திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படிக்கும் காட்சியில், அவர் பக்கத்தைத் திருப்பும்போது கை முழுதும் கிடைக்கோடுகளாகப் பிரிந்து தெரிந்தது. 4:3 படத்தை அகலத் திரைக்கு இழுத்துவிட்டிருந்ததால் எல்லோரும் பருத்துப் போயிருந்தார்கள். வெயிலில் எடுத்த காட்சிகளில் வெள்ளைச் சட்டையின் மடிப்புகள் காணாமல் போயிருந்தன. ஆனால் சித்தப்பா கேட்டது வேறு. "தேதி எங்கே போச்சும்மா? கேமராவில் பார்த்தால் காட்டுமே!" என்றார். அவர் சொன்னது சரி. கேமராவில் ஒரு பட்டனை அமுக்கினால் எந்தக் காட்சி எந்த நாள், எத்தனை மணிக்கு எடுக்கப்பட்டது என்று நொடி வரை காட்டும். பென் டிரைவில் வந்த கோப்பில் அதற்கான தடயமே இல்லை.

அங்கேதான் விஷயம் இருக்கிறது. 1995ல் வந்த மினிடிவி டேப்பில் இருப்பது ஏற்கெனவே டிஜிட்டல் தகவல். படம், ஒலி, டைம்கோடு (டேப்பில் எந்த இடம் என்று காட்டும் எண்), எடுத்த தேதி, நேரம் எல்லாம் ஒவ்வொரு ஃபிரேமோடும், அதாவது வீடியோவின் ஒவ்வொரு தனிப்படத்தோடும், எண்களாகவே பதிவாகியிருக்கின்றன. ஃபயர்வயர் வழியாக எடுத்தால் அந்த எண்கள் அப்படியே கணினிக்கு வந்துவிடும். மஞ்சள் வயரில் எடுத்தால் கேமரா அந்த எண்களைப் படித்து, அனலாக் சிக்னலாக மாற்றி வெளியே அனுப்பும். குச்சி அதை மீண்டும் டிஜிட்டலாக்கி, அழுத்திச் சுருக்கும். கையில் இருக்கும் கடிதத்தைப் பிரதி எடுக்காமல், ஒருவர் வாசிக்க இன்னொருவர் காதால் கேட்டு எழுதுவதற்குச் சமம் இது. வாசகம் ஏறக்குறைய வந்துவிடும்; கையெழுத்தும் தேதியும் வராது.

சரி, கருவிக்கு வருவோம்.

நான் பயன்படுத்துவது ஒரு பழைய மேசைக் கணினியில் செருகிய பிசிஐ எக்ஸ்பிரஸ் ஃபயர்வயர் கார்டு. எந்தக் கம்பெனி பெயர் அட்டைப்பெட்டியில் இருக்கிறது என்பதைவிட உள்ளே என்ன சிப் என்பதுதான் முக்கியம். என்னுடையதில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சிப். செருகியதும் லினக்ஸ் தானாகவே அடையாளம் கண்டுகொண்டது, டிரைவர் எதுவும் தேட வேண்டியிருக்கவில்லை. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் ஃபயர்வயர் வேலை செய்கிறது. சில கார்டுகளுக்கு மட்டும் 'லெகசி' என்று பெயருள்ள பழைய டிரைவருக்கு மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். விண்டோஸில் டேப்பை எடுக்க வின்டிவி என்ற சின்ன இலவச மென்பொருள் போதும்; மிகப் பழையது, ஆனால் செய்ய வேண்டிய ஒரே வேலையை ஒழுங்காகச் செய்கிறது.

மேக் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும். முன்பெல்லாம் தண்டர்போல்ட் 3லிருந்து தண்டர்போல்ட் 2, அதிலிருந்து ஃபயர்வயர் 800, அதிலிருந்து கேமராவின் 4 பின் துளை என்று அடாப்டர்களைச் சங்கிலியாகக் கோத்து வேலையை முடித்துவிடலாம். 2025ல் வந்த மேக்ஓஎஸ் 26ல் ஃபயர்வயர் ஆதரவையே எடுத்துவிட்டார்கள். அதனால் டேப்பெல்லாம் எடுத்து முடியும் வரை அந்தக் கணினியைப் புதுப்பிக்காமல் வைத்திருங்கள். லினக்ஸ் பக்கம் நிலைமை பரவாயில்லை. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் இருக்கும் ஃபயர்வயர் பகுதியை 2029 வரை பராமரிப்பதாக அதன் பொறுப்பாளர் அறிவித்திருக்கிறார்.

கேபிள் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ஒரு முனையில் ஃபயர்வயர், மறுமுனையில் யுஎஸ்பி என்று வெறும் வயராக ஒரு கேபிள் எல்லா இணையக் கடைகளிலும் கிடைக்கிறது. அது வேலை செய்யாது. செய்யவும் முடியாது, ஏனென்றால் இரண்டும் பேசும் நெறிமுறையே வேறு. வெறும் செம்புக் கம்பியால் ஒன்றை மற்றொன்றாக மாற்ற வழியில்லை. இதை விற்பவர்கள் மேல் எனக்கு உண்மையாகவே கோபம். இதை வாங்கிச் செருகிப் பார்த்துவிட்டு, "கேமரா போய்விட்டது போல" என்று நல்ல கேமராவைத் தூக்கிப் போட்டவர்கள் எத்தனை பேரோ. கேமராவிலேயே ஒரு யுஎஸ்பி துளை இருக்கிறதே என்று கேட்பீர்கள். பெரும்பாலான மினிடிவி கேமராக்களில் அது மெமரி கார்டில் எடுத்த போட்டோக்களுக்கானது. டேப்புக்கான துளை தனி. பக்கத்தில் 'டிவி இன்/அவுட்' (DV IN/OUT) என்றோ, சோனியில் 'ஐ.லிங்க்' என்றோ எழுதியிருக்கும்.

இன்னொன்று, கேமராவை அணைத்துவிட்டுத்தான் கேபிளைச் செருக வேண்டும். கார்டு பக்கத்து 6 பின் முனையில் மின்சாரமும் வருகிறது. அதைத் தலைகீழாக வலுக்கட்டாயமாகத் திணித்தால் துளை எரிந்துபோகும், சமயத்தில் கேமராவும் சேர்ந்து போகும்.

டேப்பை எடுக்க நான் லினக்ஸில் டிவிகிராப் பயன்படுத்துகிறேன். கட்டளை வரியில் தட்டுகிற மென்பொருள் என்று பயப்பட வேண்டாம், ஒரே ஒரு வரிதான். டேப்பை அதுவே பின்னால் சுற்றி, ஓடவிட்டு, கேமராவை நிறுத்தி மறுபடி ஆரம்பித்த இடங்களிலெல்லாம் தனித்தனிக் கோப்பாகப் பிரித்து, எடுத்த தேதியையும் நேரத்தையும் கோப்பின் பெயரிலேயே எழுதிவிடும். ஒரு மணி நேர டேப்புக்கு ஒரு மணி நேரம் ஆகும், வேகப்படுத்த வழியில்லை. கோப்பு ஏறக்குறைய 13 ஜிபி வரும். முதல் டேப் முடிந்து ஃபோல்டரைத் திறந்தபோது, நாள்வாரியாக வரிசையாக நின்ற கோப்புகளைச் சித்தப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். தேதியைச் சொல்லும்போதே அது என்ன காட்சி என்று படம் ஓடுவதற்கு முன்னால் அவர் சொல்லிக்கொண்டு வந்தார். சில டேப்புகளில் மட்டும் தேதி வராது. கேமராவின் உள் கடிகார பேட்டரி தீர்ந்திருந்த காலத்தில் எடுத்தவை அவை.

படத்தின் தரம் பற்றிச் சொல்ல வேண்டும். 720க்கு 576 புள்ளிகள்தான், இன்றைய கைபேசி வீடியோவோடு ஒப்பிட்டால் சின்னது. ஆனால் அந்தச் சின்ன அளவுக்குள் டேப்பில் இருப்பது முழுவதும் வந்துவிடுகிறது. திண்ணைக் காட்சியில் பாட்டி பிடித்திருந்த பேப்பரின் தலைப்பு எழுத்துகள் முதல் தடவையாகத் தெரிந்தன. கேமராவுக்குப் பின்னாலிருந்து சித்தப்பா தணிந்த குரலில் "இங்கே பாரும்மா" என்று சொல்வது இரைச்சல் இல்லாமல் கேட்டது. முன்பு வந்த பென் டிரைவையும் இதையும் அடுத்தடுத்து ஓட்டிக் காட்டினால் விளக்கமே தேவைப்படாது.

இப்போது டிவிரெஸ்க்யூ (DVRescue). இந்த மதிப்புரையை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

இது மீடியா ஏரியா என்ற குழு, ஆவணக் காப்பாளர்களோடு சேர்ந்து உருவாக்கிய இலவச, திறந்த மூல மென்பொருள். மினிடிவி கேமரா ஒரு டேப்பை ஓட்டும்போது, படிக்க முடியாத இடம் வந்தால் சும்மா இருக்காது. அந்தச் சின்னக் கட்டத்தை முந்தைய ஃபிரேமிலிருந்து எடுத்து நிரப்பிவிடும். கூடவே 'இது நான் நிரப்பியது' என்ற குறிப்பையும் அந்தக் கட்டத்தின் தகவலில் எழுதி அனுப்பும். சாதாரண பிளேயர்கள் இந்தக் குறிப்பைக் கண்டுகொள்வதில்லை. டிவிரெஸ்க்யூ ஒவ்வொரு ஃபிரேமிலும் இதைப் படித்து, எங்கெங்கே எவ்வளவு போயிருக்கிறது என்று வரைபடமாகக் காட்டுகிறது. கண்ணுக்கு நன்றாகத் தெரிகிற படத்தில்கூட எங்கே ஒட்டுப் போட்டிருக்கிறது என்று புரிந்துவிடும்.

எங்கள் டேப் ஒன்றில் படம் முழுக்கப் பட்டை பட்டையாக வந்தது. ஒரு பட்டை ஓடும், அடுத்தது உறைந்து நிற்கும். காரணம் இதுதான். மினிடிவி கேமராவுக்குள் டேப்பைப் படிக்கும் உருளை நிமிடத்துக்கு 9000 சுற்று சுழல்கிறது, அதில் இரண்டு ஹெட்கள் (காந்தப் பதிவைப் படிக்கும் முனைகள்) மாறி மாறிப் படிக்கின்றன. நொடிக்கு 25 ஃபிரேம் உள்ள பால் (PAL) என்ற வீடியோ முறையில் ஒரு ஃபிரேம் 12 தடங்களாகப் பிரிந்து டேப்பில் எழுதப்பட்டிருக்கும், ஒரு தடம் இந்த ஹெட், அடுத்தது அந்த ஹெட். ஒரு ஹெட்டில் அழுக்கு அடைத்துவிட்டால் ஒன்று விட்டு ஒன்று போய்விடும். டிவிரெஸ்க்யூவின் வரைபடத்தில் இரண்டு ஹெட்களும் படித்த பாதிகளை மேலும் கீழுமாகத் தனித்தனியே பார்க்கலாம். பிழை எல்லாம் ஒரே பக்கத்தில் குவிந்திருந்தது. டேப்பில் குறையில்லை, கேமராவின் ஹெட்தான் அடைத்திருக்கிறது என்று அதை வைத்தே தெரிந்தது. துப்புரவு கேசட்டை 10 நொடி ஓட்டி (அதற்கு மேல் ஓட்டக் கூடாது, ஹெட்டைத் தேய்த்துவிடும்) மறுபடி எடுத்தேன். பட்டைகள் மறைந்தன. இந்த வரைபடம் இல்லாவிட்டால் அந்த டேப்பின் மேல் 'கெட்டுப்போனது' என்று எழுதி ஓரமாக வைத்திருப்போம்.

இதைவிடப் பெரியது அதன் ஒன்றிணைப்பு வசதி. பலவீனமான டேப்பை ஒவ்வொரு தடவை ஓட்டும்போதும் வெவ்வேறு இடங்களில் தவறும். ஒரே டேப்பைப் பல தடவை எடுத்து அந்தக் கோப்புகளை எல்லாம் கொடுத்தால், எந்தத் தடவையில் எந்தக் கட்டம் நன்றாக வந்ததோ அதைப் பொறுக்கி ஒரே நல்ல கோப்பாகக் கட்டித் தருகிறது. கற்பனையாக எதையும் நிரப்புவதில்லை, டேப்பிலிருந்து உண்மையாகப் படிக்கப்பட்டதை மட்டுமே சேர்க்கிறது. முகத்தைச் செயற்கை நுண்ணறிவால் தெளிவாக்கித் தருகிறோம் என்று இப்போது விளம்பரம் செய்கிறார்களே, எனக்கு அது வேண்டாம். அதில் வருவது பாட்டியின் முகமாக இருக்காது. டிவிரெஸ்க்யூ தருவது பாட்டியின் முகம், எவ்வளவு மிஞ்சியிருக்கிறதோ அவ்வளவு.

குறைகளும் உண்டு. இது காப்பகங்களில் வேலை செய்பவர்களுக்காகக் கட்டியது, வீட்டு ஆட்களை மனதில் வைத்து அல்ல. பொத்தான்களின் பெயரைப் பார்த்து என்ன செய்யும் என்று ஊகிக்க முடியாது. விளக்கக் குறிப்புகள், மினிடிவியின் உள்ளமைப்பு உங்களுக்கு முன்பே தெரியும் என்ற நினைப்பில் எழுதப்பட்டிருக்கின்றன. நிறைய வட்டு இடம் வேண்டும்; ஒரே டேப்பைப் பல தடவை எடுத்தால் ஜிபி கணக்கு எங்கேயோ போய்விடும். டேப்பெல்லாம் நல்ல நிலையில் இருப்பவர்களுக்கு டிவிகிராப்போ வின்டிவியோ மட்டுமே போதும். இதைச் சரிபார்ப்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

ஒலியில் ஒரு சிக்கல் வரும். சில கேமராக்கள் 16 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் பதியும், சில 12 பிட், 32 கிலோஹெர்ட்ஸில். நடுவில் யாராவது அமைப்பை மாற்றியிருந்தால் ஒரே டேப்பில் இரண்டும் கலந்திருக்கும். அதை ஒரே கோப்பாக மாற்றும்போது பாதியில் குரல் கீச்சென்று போகும், இல்லையென்றால் இழுபடும். டிவிரெஸ்க்யூவோடு வரும் டிவிபேக்கேஜர், அமைப்பு மாறும் இடத்தில் கோப்பைப் பிரித்துவிடுவதால் இந்தத் தொல்லை இல்லை.

யுஎஸ்பி குச்சியையும் ஒரேயடியாக ஒதுக்கிவிட முடியாது. வீடியோ8, ஹை8 போன்ற அனலாக் டேப்புகளுக்கு அது ஒரு வழிதான். அப்போதும் மஞ்சள் வயரை விட்டுவிட்டு எஸ்-வீடியோ துளை இருந்தால் அதில் எடுங்கள், நிறமும் ஒளியும் ஒன்றோடொன்று கலங்காமல் வரும். ஆனால் இந்த டேப்புகளுக்கும் இன்னும் நல்ல வழி ஒன்று உண்டு. 1999ல் சோனி கொண்டுவந்த டிஜிட்டல்8 கேமராக்களில் சில மாடல்கள் பழைய அனலாக் டேப்பையும் ஓட்டி, உள்ளேயே டிஜிட்டலாக்கி ஃபயர்வயரில் அனுப்பும். எல்லா மாடலும் செய்யாது, வாங்குமுன் கையேட்டில் அந்த வரியைத் தேடிப் பாருங்கள். பெட்டியின் அடியில் இருந்த வீடியோ8 டேப்புகளை இரவல் வாங்கிய அப்படிப்பட்ட ஒரு கேமராவில்தான் எடுத்தேன். குச்சியில் நெளிந்து நெளிந்து வந்த கதவு நிலை இதில் நேராக நின்றது. இந்த அனலாக் டேப்புகளில் தேதி தனித் தகவலாக இல்லாததால் அதை மட்டும் சித்தப்பாவின் நினைவிலிருந்து கேட்டு எழுதிக்கொண்டேன்.

டேப்பைப் போடுவதற்கு முன் சில வேலைகள். ஓரத்தில் இருக்கும் சின்னத் தாழை 'சேவ்' பக்கம் தள்ளிவிடுங்கள்; தவறிப்போய்ப் பதிவுப் பட்டனில் கை பட்டாலும் எதுவும் அழியாது. உள்ளே வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் அந்த டேப்பைக் கேமராவில் போடவே போடாதீர்கள், கேமராவுக்கும் அடுத்த டேப்புக்கும் அது தொற்றிவிடும். வருடக்கணக்காகச் சுற்றாமல் கிடந்த டேப்பை முழுதும் முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை ஓட்டிவிட்டு எடுங்கள். கேமராவைப் பேட்டரியில் ஓட்டாமல் மின் இணைப்பில் வையுங்கள். எடுத்த கோப்பைச் சேமிக்கும் வட்டு எக்ஸ்ஃபேட் போன்ற வடிவத்தில் இருக்கட்டும். பழைய ஃபேட்32ல் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டாது, அதாவது 20 நிமிடத்துக்குள் முட்டி நின்றுவிடும்.

மூலக் கோப்புகளை நான் அழிப்பதில்லை. அவற்றை இரண்டு தனித்தனி வட்டுகளில் வைத்து, ஒன்றை அண்ணன் வீட்டில் கொடுத்திருக்கிறேன். குடும்பத்தில் எல்லோருக்கும் அனுப்ப ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் எச்.264 பிரதி, அதாவது சுருக்கிய சின்னக் கோப்பு, செய்தேன். அதில் டீஇன்டர்லேஸ் பகுதியில் (அசைவு கிடைக்கோடுகளாகப் பிரிந்து தெரிவதைச் சரிசெய்வது) 'பாப்' வகையைத் தேர்ந்தெடுத்தால் நொடிக்கு 25 ஃபிரேம் 50 ஆகும், அசைவு கேமராவில் பார்த்த அதே வழவழப்போடு இருக்கும். 4:3 விகிதம் மாறவில்லையா என்றும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

வெளியே கொடுத்துத்தான் செய்ய முடியும் என்றால் தவறில்லை, எல்லோராலும் கார்டு தேடி அலைய முடியாது. கொடுக்கும்போது கேளுங்கள்: ஃபயர்வயரில் எடுப்பீர்களா, மணிக்கு 13 ஜிபி வரும் மூலக் கோப்பையே தருவீர்களா என்று. இரண்டுக்கும் ஆம் என்றால் நம்பிக் கொடுக்கலாம். எம்பி4 மட்டும்தான் தருவோம் என்றால் வேறு ஆளைப் பாருங்கள். எதுவானாலும் தள்ளிப்போடாதீர்கள். ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலிக் காப்பகம் 'டெட்லைன் 2025' என்றே ஓர் அறிக்கை வெளியிட்டிருந்தது. காந்த டேப்புகளை ஓட்டும் கருவிகளும் அவற்றைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர்களும் அருகிவிடுவார்கள் என்பதுதான் அதன் கவலை. அந்த வருடம் கடந்துவிட்டது. கேமராவின் ரப்பர் பெல்ட்டும் பல்சக்கரமும் இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று யாரும் உத்தரவாதம் தரமாட்டார்கள்.

எங்கள் பெட்டியில் இன்னும் மிஞ்சியிருப்பவை 'எல்பி' முறையில் எடுத்த டேப்புகள். ஒரு மணி நேர டேப்பில் ஒன்றரை மணி நேரம் பிடிக்க வேண்டும் என்று தடங்களை 10 மைக்ரானிலிருந்து 6.7 மைக்ரானாக நெருக்கி எழுதுவது அந்த முறை. எழுதிய கேமராவில் ஓடுவது போல வேறு கேமராவில் ஓடாது. இப்போதைய கேமராவில் அவை பாதிக்குப் பாதி தடுமாறுகின்றன. அவற்றை எடுத்த கேமராவைச் சித்தப்பா எப்போதோ அத்தைக்குக் கொடுத்திருக்கிறார். அது அத்தை வீட்டுப் பரணில் பத்திரமாக இருக்கிறதாம். வந்ததும் அதில் பல தடவை ஓட்டி, டிவிரெஸ்க்யூவில் ஒன்றிணைத்துப் பார்த்துவிட்டு, எவ்வளவு மீண்டது என்று இங்கேயே சேர்க்கிறேன்.